பதின்மூன்று கிலோ

சாவோ பாவ்லோவில் யார் என்ன தின்கிறார்கள் என்று
என்னைக் கேளுங்கள்.
நான் தின்றதில்லை. தூக்கியிருக்கிறேன்.

ஒரு சிலிண்டருக்குள் பதின்மூன்று கிலோ எரிவாயு,
இரும்பின் கனம் தனி.
என் இடது தோள் வலதைவிட
இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும்.
சட்டை தைக்கும் பொலிவியாக்காரி ஹிலாரியா
அளவெடுக்காமலே அதைச் சொல்லிவிட்டாள்.

பொம் ரெத்திரோவில் ஓக்-சுன் அம்மாள்
மாட்டெலும்பை இரவெல்லாம் கொதிக்க விடுகிறாள்,
தண்ணீர் பாலாகிற வரை.
ஆறு நாளைக்கு ஒரு சிலிண்டர்.
ஐந்தாம் நாள் மாலையே போன் வரும்.
பெயர் சொல்லமாட்டாள்.
"எலும்பு" என்பாள், வைத்துவிடுவாள்.

லிபெர்தாஜியில் தொகுனாகாவின் கடை.
மீனுக்கு நெருப்பையே காட்டுவதில்லை;
சோற்றுக்கும் சாற்றுக்கும் மட்டும் அடுப்பு.
இருபத்தெட்டு நாள் தாங்கும்.
ஊரே இப்படித் தின்றால் என் பிழைப்பு என்னாவது
என்று ஒருநாள் கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. தேநீர் தந்தார். கசந்தது.

பிராஸில் நசீப், அலெப்போவில் பல் மருத்துவராம்.
ரொட்டி உப்புகிறதா என்று
அடுப்பின் வாய்க்குள் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.
"இன்னும் கொஞ்சம் திற" என்று
அடுப்பிடம் சொல்லாததுதான் குறை.

கிளிசேரியோ சரிவில் வில்னேர்.
ஹைத்தியிலிருந்து வந்த ஏழு பேருக்கு ஒரே அடுப்பு.
கறுப்புக் காளான் ஊறிய நீரில் சோறு பொங்குவான்,
இரவின் நிறத்தில் வரும்.
காசில்லாத வாரம்
சிலிண்டரைச் சாய்த்து உலுக்கி
இன்னும் இருக்கிறது என்று எனக்குச் சத்தம் காட்டுவான்.
இருக்காது. இருவருக்கும் தெரியும்.

சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா பார்த்து,
கையெழுத்து வாங்கி, அடுத்த தெரு.
மணம் மட்டும் சட்டையில் ஏறிக்கொள்ளும்.
இரவுப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
நான் எந்த ஊர் என்று முகர்ந்து குழம்புவார்.

மே மாதம் லாரிகள் நின்றுபோயின.
பத்து நாள் வேலைநிறுத்தம், கிடங்குக்குப் பூட்டு.
வண்டியில் மிச்சம் ஒன்றே ஒன்று.

போன் அடித்தது: "எலும்பு."
போன் அடித்தது: நசீப், இரண்டு மடங்கு தருகிறாராம்.
ஹிலாரியா: ஞாயிற்றுச் சந்தைக்கு முந்நூறு சால்தேன்யா,
மாவுக்குள் குழம்பு உறைந்து காத்திருக்கிறது.
தொகுனாகா அழைக்கவில்லை.
வில்னேரும் அழைக்கவில்லை,
போனில் காசு இருந்திராது.

நீதிக்கதை என்றால் இந்த இடத்தில்
ஒரு முற்றமும் ஒரு பெரிய பானையும் வரவேண்டும்.
எல்லோரும் வட்டமாக உட்காரவேண்டும்.

நான் வண்டியை என் வீட்டுத் தெருவுக்குத் திருப்பினேன்.

கதவைச் சாத்தினேன்.
சோளக் குருணையில் உப்புநீர் தெளித்து
குஸ்குஸ் சட்டியில் ஏற்றினேன்.
பராயீபாவிலிருந்து இரண்டு இரவும் மூன்று பகலும்
மடியில் வைத்து நான் கொண்டுவந்த சட்டி.
இந்த ஊருக்கு நானும் வந்தேறிதான்;
நீ என்ன தின்பாய் என்று யாரும் கேட்டதில்லை.
நசீப் ஒருமுறை மட்டும்,
"குஸ்குஸா? அது அரபுச் சொல்லாயிற்றே,
உன்னிடம் எப்படி வந்தது?" என்றார்.
தெரியவில்லை. அதையும் யாராவது தூக்கி வந்திருப்பார்கள்.

வெண்ணெய் உருகி இறங்கியது.
குற்றவுணர்ச்சியோடு தின்றேன் என்று சொல்ல ஆசை.
பசியோடு தின்றேன்.

பதினோராம் நாள் லாரி வந்தது.
ஓக்-சுன் அம்மாள் கதவைத் திறந்தாள்.
சிலிண்டரைப் பார்க்கவில்லை,
என் பக்கமாகக் குனிந்து முகர்ந்தாள்.
"சோளம்" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
கணக்கு நோட்டில் அவள் மொழியில் ஏதோ எழுதினாள்.
பிறகு ஒரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு
எலும்பு கழுவப் போய்விட்டாள்.

அது கொதித்து வெளுக்க இன்னும் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.
உட்காரவா, போகவா என்று புரியாமல்
நுரை தடவிக்கொண்டிருந்தேன்,
கசிவே இல்லாத இடத்தில்.