புதுவயலில் ஒரு பயன்பாட்டுச் சோதனை

பத்துக் கணினிகள் என்றார்கள். ஏழு ஓடின.
எட்டாவது தட்டினால் ஓடும் என்றான் விஜயபாண்டி.
தட்டினான், ஓடியது.
அதைக் குறித்துக்கொள்ளப் படிவத்தில் இடமில்லை.

ஜன்னலுக்கு வெளியே அரிசி ஆலைகள்.
அவிந்த நெல்லின் வாடை
பெயர் கூப்பிடாமலே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது.
விசைப்பலகை மேல் உமிச்சாம்பல்.
சட்டை நுனியால் துடைத்துவிட்டுத் தொடங்கினோம்.

விளையாட்டின் பெயர் 'ஐராவதிக் கடை'.
ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது.
ஒருவர் மேலாள், ஒருவர் அடுத்தாள்,
ஒருவர் பெட்டியடிப் பையன்,
மிச்சமிருப்பவர் கடன்பட்ட பர்மாக்காரர்.
கற்றல் நோக்கம்: எட்டாம் வகுப்பு, கூட்டுவட்டி.

முதல் திரையில் தூண்வைத்த வீடு வரும், இசையோடு.
சென்னை அலுவலகத்தில் பத்து நாள் உட்கார்ந்து வரைந்தது.
"இது சூட்டிங் வீடு சார்," என்றாள் ஆஷிகா பானு.
"எங்க மாமா அங்கதான் சாப்பாட்டு வேன் ஓட்டுறாரு."
எல்லோரும் தாண்டிப் போனார்கள்.
குறிப்பு: அறிமுகக் காட்சி, சராசரி மூன்று வினாடி.

மேலாளாக எல்லோருக்கும் ஆசை.
சீட்டுக் குலுக்கினோம். விஜயபாண்டிக்கு விழுந்தது.
காளீஸ்வரி பர்மாக்காரர்.
அவள் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு
நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

என் வேலை வாய் திறக்காமல் பார்ப்பது.
எங்கே விரல் தயங்குகிறது,
எங்கே கண் அலைகிறது, எத்தனை பிழை.
உதவி செய்யக் கூடாது. அது விதி.

மூன்றாம் கட்டம். விளைச்சல் பொய்த்துவிட்டது.
மேலாள் மூங்கில் கதவைத் தட்டுகிறார்.
கதவுக்கு இந்தப் பக்கம் காளீஸ்வரி.
திரையில் மூன்று விடைகள்:
கட்டுகிறேன்.
தவணை வேண்டும்.
நிலத்தை எழுதித் தருகிறேன்.

மூன்றையும் தொடவில்லை அவள்.
மவுஸைத் திரையின் ஓரமெல்லாம் ஓட்டினாள்,
அரிசிப் பானைக்குள் கைவிட்டுக்
காசு துழாவுகிற மாதிரி.
ஒரு நிமிடம். இரண்டு.
எழுதினேன்: பயனர் தடுமாறுகிறார்.
நாலாவது நிமிடம்,
என் பக்கம் திரும்பாமல், குரலே வராமல் கேட்டாள்:
"வீட்ல ஆள் இல்லன்னு சொல்ற பட்டன் எங்க சார்?"

ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாள்.
ஆஷிகா தன் நாற்காலி கிறீச்சிடாமல் பிடித்துக்கொண்டாள்.
யாரோ எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்கள்.
ஒருவருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆலைச் சத்தம் மட்டும்.

எதிர்வரிசையில் விஜயபாண்டியின் திரையில்
மூடிய கதவு. மேலே ஏறிக்கொண்டே வட்டி.
"அவ உள்ளதான்" என்று வாயெடுத்தவன்
அங்கேயே நிறுத்திக்கொண்டான்.
கொஞ்ச நேரம் பொறுத்து என்னிடம்:
"நான் போயிட்டு நாளைக்கு வாரேன் சார்.
போறதுக்கு எதை அமுக்கணும்?"

போவதற்கும் எதுவும் வைத்திருக்கவில்லை நாங்கள்.

மணி அடித்தபிறகு கேள்வித்தாள்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிட வேண்டும்.
'இதைப் பயன்படுத்த எனக்குப் பிறர் உதவி தேவைப்படும்.'
காளீஸ்வரி பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்:
"விளையாட்டுக்கா சார், கடனுக்கா?"

கூட்டுவட்டித் தேர்வில் அவள் பத்துக்குப் பத்து.
விளையாட்டுக்கு முன்னால் வைத்த தேர்விலும் பத்து.
"அம்மாவோட குழுக்கடன் நோட்டு நான்தான் எழுதுறேன்."
பழைய மதிப்பெண்ணைக் கழித்து எழுதினேன்:
கற்றல் முன்னேற்றம், சுழியம்.

காரைக்குடி பஸ்ஸில் ஏறியதும் சென்னையிலிருந்து போன்.
கதவுக் காட்சியில் ஒரு பிரச்சினை என்றேன்.
எத்தனை பேருக்கு?
ஒருத்திக்கு.
ஒருத்திதானே, அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

எட்டுப் பேரும் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்ததை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
மடியில் படிவம், 'தீவிரம்' என்ற இடம் காலி.
பேனா மூடியைக் கடித்தபடி இருந்தேன்.
கண்டனூர் வந்து, நின்று,
மூன்று நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு
பஸ் மறுபடி கிளம்பியது.