மேலே இருந்து வரவில்லை

சூளகிரி சைட்டில் எனக்கு வரவேண்டியது
நான்கு லட்சத்து அறுபதாயிரம்.
கேட்கப் போனால் ஒரே வாசகம்:
"மேலே இருந்து இன்னும் வரலை."
எது மேலே என்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன்.
நான் அடித்த சென்ட்ரிங் இருந்தது,
அதன்மேல் கான்கிரீட்,
அதன்மேல் வெயில்.

பிறகுதான் தெரிந்தது, பணம் வந்துதான் இருந்தது.
வந்த அன்றே அத்திப்பள்ளி தாண்டிப் போய்
பெங்களூரில் வேறொரு கட்டடத்தின்
பழைய கம்பிக் கடனில் இறங்கிவிட்டது.
என் ஜாக்கிகள் இங்கே ஒரு தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தபோது
அங்கே யாருடைய தவணையையோ
தாங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

அந்த ஆறு மாதமும்
சனிக்கிழமை மூன்று மணி ஆனால்
என் போனில் சார்ஜ் இருக்காது.
ராயக்கோட்டை ரோட்டில் ப்ளைவுட் கடை.
அதனால் வீட்டுக்கு ஏழு கிலோமீட்டர் சுற்று.

அடுத்த வேலை காவேரிப்பட்டணம் பக்கம்,
மாங்கூழ் ஆலைக்குக் குளிர்கிடங்கு.
ஒப்பந்தம் போடும் நாளில் எங்களையும் கூப்பிட்டார்கள்.
கம்பி கட்டும் நவாஸ், வயரிங் பார்க்கும் திம்மராஜ், நான்.
எந்த ஒப்பந்தத்துக்கும் எங்களுக்கு நாற்காலி போட்டதில்லை,
உட்காரவே கொஞ்சம் நேரமானது.

ஆலைக்காரம்மா ஜெயசுதா சொன்னார்:
"இந்த வேலைக்கென்று தனியாக ஒரு கணக்கு.
பில் பாஸானால் பணம் அதில் விழும்.
அதிலிருந்து நேராக உங்கள் உங்கள் கணக்குக்கு.
கோவிந்தப்பா பங்கு கோவிந்தப்பாவுக்கு.
என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் சேராமல்
ஒரு ரூபாய் அசையாது.
உள்ளே விழுந்த பிறகு அது அவர் பணமும் இல்லை,
என் பணமும் இல்லை."

மெயின் கான்ட்ராக்டர் கோவிந்தப்பா
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"டேம் வாய்க்காலில் கடைமடைக்குத் தனி மதகு வச்ச மாதிரி"
என்றான் நவாஸ், வெளியே டீ குடிக்கையில்.
மாதிரி இல்லை என்றேன்.
தண்ணிக்குப் பள்ளம் தெரியும்.
பணத்துக்கு மேடு மட்டும்தான் தெரியும்.

ஆடி பிறந்து பத்தாம் நாள்
கோவிந்தப்பாவின் டிப்பர்களைக் கடன்காரர்கள் ஓட்டிப்போனார்கள்.
அவர் கணக்கையெல்லாம் முடக்கியாயிற்று என்று சேதி.
பாதி சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.
வங்கியில் எனக்கு முன்னால் நவாஸ் நின்றிருந்தான்.
மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து,
ஒரு தாளைப் புரட்டி,
"அந்தக் கணக்கு அவருடையது இல்லையே" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
எங்கள் இருவருக்கும் அதைத் திரும்பக் கேட்கவேண்டியிருந்தது.

புதன்கிழமை போன் அதிர்ந்தது.
போட்ட பில்லைவிடக் குறைவு.
பீம் பக்கவாட்டில் முப்பத்தெட்டு சதுர மீட்டர்
இஞ்சினியர் அளவுப் புத்தகத்தில் வெட்டியிருந்தார்.
டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன்.
பாதி கிடைத்தது.
இல்லாத பணத்துக்குக் கெஞ்சியே பழகியவனுக்கு
இருக்கிற பணத்துக்காகச் சண்டை போடுவதில்
ஒரு ருசி இருக்கிறது.

சூளகிரிப் பாக்கி அப்படியேதான் கிடக்கிறது.
அதற்கு மதகும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

சனிக்கிழமை போனை அணைக்காமல்
சிமென்ட் மூட்டைமேல் நோட்டை விரித்துக் கூலி கொடுத்தேன்.
பலகையில் ஆணி பிடுங்கும் முனிரத்தினம்மா
எண்ணி முடிந்தும் நகரவில்லை.
"அந்தக் கணக்குல எம் பேரு இருக்கா?"
"என் பேரு வரைக்கும்தான் போட்டிருக்காங்க."
"அப்ப சூளகிரியில நின்னுபோன என் ரெண்டு வாரம்?"

வாய் தானாகத் திறந்து, பழைய வாசகம்
பாதிவரை வந்துவிட்டது.
நான் மேலே பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.