கைப்பிடி

குன்னூர் பெட்ஃபோர்டு இறக்கத்தில்
பரிசுப்பொருள் கடை. கல்லாவில் நான்.
பீங்கான் மக், அறுநூற்றைம்பது ரூபாய்.
அதைச் சுற்றி ஒரு பழைய கேலிச்சித்திரம்:
மஞ்சலில் ஏறி மலைக்கு வரும் துரை,
மடியில் இன்னொரு மூட்டைபோல் வயிறு,
மூக்கு மட்டும் முன்கூட்டியே
ஊர் வந்து சேர்ந்துவிட்டது.
சுமப்பவர்களுக்கு முகம் வரையவில்லை.
தலைப்பாகையும் முழங்காலும் போதுமென்று விட்டிருக்கிறான்.

வாங்குகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்,
வரைந்தவனும் அதற்குத்தானே வரைந்தான்.

பர்லியாரில் மண் சரிந்து
பஸ் வராத நவம்பர் நாளொன்றில்
ஸ்டாக் எடுக்கும்போது ஆட்களையும் எண்ணினேன்.
முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.
நாலாவது ஆள் நிற்கவேண்டிய இடத்தில்
கைப்பிடி ஒட்டியிருக்கிறது.

அச்சுப் பிழையா என்றேன்.
"யாரு எண்ணப் போறா, நீ பில்லைப் போடு"
என்றார் பெள்ளிராஜ்.

விளிம்பு உடைந்த ஒன்று விற்காது.
நாலு மணிக்கு எனக்கு அதில்தான் டீ.
விரல்களை நுழைத்துத் தூக்குகிறேன்,
துரை என் பக்கம் கொஞ்சம் சாய்கிறார்.
நல்ல கனம்.

குடிக்கக் குடிக்க
டீ குறைகிறது.
அவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.