பதினேழுக்கு மேல்

நெல்லைக் கையில் அள்ளி
ஈரப்பதமானியில் போட்டால் எண் வரும்.
பதினேழு வரை எடுக்கலாம்.
மேலே போனால்
காயவைத்துக் கொண்டு வாங்க என்பேன்
எவர் முகத்தையும் பார்க்காமல்.
கோட்டூர்ப் பக்கம் கொள்முதல் நிலையத்தில்
பதினான்கு வருடமாகப் பட்டியல் எழுத்தர்.
சொல்லிச் சொல்லி நாக்கு காய்த்துவிட்டது.

டாக்டர் பெனாசிரும் ஓர் எண்தான் சொன்னார்:
கிரியாட்டினின் பதினொன்று.
எத்தனை வரை எடுக்கலாம் என்று கேட்டேன்.
ஸ்கூட்டி சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர்
நிறுத்தினார்.
"அப்படி ஒரு கணக்கு இல்லைங்க சார்.
இன்னைக்குன்னாலும் சரி, நாளைக்குன்னாலும் சரி.
நீங்கதான் சொல்லணும்."

கஜா அடித்த மறுநாள்
விழுந்த தென்னைகளுக்கு அடியிலிருந்து
மகள் இழுத்து வந்த குட்டி.
நாற்பது நாள் கரண்ட் இல்லை.
வாடகை ஜெனரேட்டரின் சூட்டில் ஒட்டிப் படுத்து
டீசல் என்று பேர் வாங்கியது.
வளர்ந்து, நெல் அம்பாரத்தின் உச்சியில் நின்று
ஆடு, மயில், தூங்கும் சுமைக்காரர்
எல்லோரையும் ஒரே குரலில் அதட்டியது.
ஒருமுறை மண்டல மேலாளரையும்.

இப்போது தார்ப்பாய் மடிப்பில் கிடக்கிறது.
குடிக்கிறது. குடித்ததைக் கக்குகிறது.
கக்கியதற்கு வெட்கப்பட்டதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
கெளுத்தித் தலையை முகர்ந்ததோடு சரி.
வாயைத் திறந்தால்
யூரியா மூட்டை பிரித்த வாடை.
வடிய வாய்க்கால் இல்லாத வயல் மாதிரி
ரத்தத்தில் தேங்கி நிற்கிறது எல்லாம்.

சுபாஷிணி திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள்.
"ஞாயித்துக்கிழமை வந்துடறேம்பா.
அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணிடாத."
அன்று புதன்.
சரி என்றேன்.
சரி என்றவன் அன்றிரவு
மூச்சுக்கு ஒரு முனகலாக
மூன்று மணிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
நடுவில் ஒருதரம் வால் அசைந்தது.
அதைக் காட்டி
ஞாயிறு வரை தாங்கும் என்று
எனக்கு நானே ரசீது போட்டுக்கொண்டேன்.

காலையில் சித்திரவேலிடம் கேட்டேன்,
முப்பது வருடம் மூட்டை தூக்கியவர்.
ஊசி போட்டு முடிப்பது பாவம் இல்லையா?
பீடியைத் தரையில் தேய்த்தார்.
ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன்.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
களத்துப் பக்கம் போய்விட்டார்.

பத்து மணிக்கு டாக்டருக்கு போன் செய்தேன்.
ஞாயிறு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
இன்னைக்கு என்று வந்தது.

முதல் ஊசி தூங்குவதற்கு.
இரண்டாவதற்கு முன்னால்
மகளை வீடியோ காலில் கூப்பிடலாம் என்று
போனை எடுத்தேன்.
வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ,
வைத்துவிட்டேன்.
தலை என் முழங்கால்மேல் இருந்தது.
கனம் கூடியதா குறைந்ததா தெரியவில்லை.
வெளியே தராசில்
யாரோ எடை சொல்லிக்கொண்டிருந்தார்கள்:
நாற்பது அறுநூறு.
நாற்பது அறுநூறு.

சித்திரவேல் உள்ளே வந்தார்.
கையில் ஒரு புதுச் சாக்கு, கால் முழுக்க மண்.
ஒதியமரத்தடியில் குழி
எப்போதோ வெட்டி முடித்திருந்தார்.

ஞாயிறு வந்தது. சுபாஷிணி வரவில்லை.
போனும் எடுக்கவில்லை.
சாப்பிட்டாயா என்று அனுப்பிய செய்திக்கு
இரண்டு நீலக் கோடுகள்.

மாதக் கடைசி, சாக்குப் பதிவேடு.
வந்தவை, நிரப்பியவை, இருப்பு.
ஒன்று குறைகிறது.
காரணம் என்ற கட்டத்தில்
எதையாவது எழுதித்தான் ஆகவேண்டும்.
கிழிசல், ஒன்று
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அம்பாரத்தின் மேல் இரண்டு ஆடுகள்.
எழுந்து போய் நான்தான் விரட்ட வேண்டும்.