நிலை தாழ்வு

அப்புத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது
யாரோ லென்ஸில் ஊதியதுபோல் மூட்டம்.
மொட்டமலைக்கு ஆட்டோ வராது,
பாலத்தோடு பாதை சரி என்றார்கள்.
முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு
மிச்சம் இரண்டு மைல்
தேயிலைக்கு நடுவே ஏறினேன்.

என் திட்டம் காகிதத்தில் சுலபமானது:
மண்சரிவு நடந்து பதினொரு மாதம்,
ஆறாம் நம்பர் லயத்தில் இருந்தவர்கள்
அவரவர் வீடிருந்த இடத்தில் நிற்க வேண்டும்.
பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு படம்.
காசு கொடுத்த அலுவலகத்துக்கு
இந்த வாக்கியம் மிகவும் பிடித்திருந்தது.

இடம் என்று அங்கே ஒன்றுமில்லை.
சிவப்பு மண்,
அதன்மேல் முளைத்த மானாப்புல்,
பாதி புதைந்த ஒரு கூரைத் தகரம்.
ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லை,
எல்லாரும் வந்திருந்தார்கள்
கல்யாணத்துக்கு உடுத்தும் உடுப்பில்.

முதலில் நின்றவர் சவரிமுத்து.
நான் வெளிச்சம் பார்ப்பதற்குள் ஒரு குரல்:
"அண்ணே, நீங்க நிக்கிறது எங்க குசினி."
அவர் கீழே பார்த்தார்.
இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார்.
"இன்னுங் கொஞ்சம். கானு இங்கதான் திரும்பும்."
"கானு பீலிக்கு அங்கிட்டு."
"பீலியே இந்தப் பக்கந்தானே இருந்துச்சு?"
வெறும் மண்ணில்
அரை மணி நேரம் எல்லைச் சண்டை.
செவுரு இருந்தப்பவும் இவங்களுக்கு இதேதான் என்று
ஒருத்தி சிரித்தே விட்டாள்.
கடைசியில் கவ்வாத்துக் கத்தியால் கோடு கிழித்தார்கள்.
அதையெல்லாம் நான் படம் எடுக்கவில்லை.
எடுத்திருக்க வேண்டும்.

பிறகு திலகமணி.
நெடுநேரம் என் காலடியையே பார்த்தாள்.
அழப்போகிறாள் என்று நினைத்து
பொத்தானில் விரல் வைத்துக் காத்திருந்தேன்,
வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.
அவள் சொன்னாள்:
"சப்பாத்தைக் கழட்டிருங்க மிஸ்,
அது சாமிப்படம் இருந்த மூலை."

கழற்றினேன். மண் குளிர்ந்தது.
முக்காலியின் ஒரு கால் அவள் அடுப்பில் நின்றது.
அதைத் தூக்கிக்கொண்டு
வாசல் எது என்று கேட்டேன்.
காட்டினாள்.
வெளியே போய் நின்றேன்.

அங்கிருந்து பார்த்தால்
ஒவ்வொருவரும் உள்ளே நுழையும்போது
தலையைக் குனிந்தார்கள்.
சவரிமுத்து. திலகமணி.
ஒட்டகம் என்று கூப்பிடப்படும் ரவிச்சந்திரன்
இடுப்புவரை மடிந்தே போனான்.
கைக்குழந்தையோடு வந்த புஷ்பலீலா
அதன் உச்சியை உள்ளங்கையால் மூடினாள்,
காற்றில் இடித்துவிடாமல்.

திலகமணி ஓரமாகவே ஒதுங்கி நின்றாள்.
கொஞ்சம் நடுவுக்கு வாங்க என்றேன்.
"நடுவுல பிரதாபன் படுத்திருப்பான்" என்றாள்.
ஓரத்திலேயே எடுத்தேன்.
படத்தில் பாதிக்குமேல் மண்.

கொழும்பில் கண்காட்சி. குளிரூட்டிய மண்டபம்.
கையில் கோப்பையோடு ஒருவர்
துக்கத்தின் பாரம் அந்தக் கழுத்துகளில் தெரிகிறது,
அற்புதம், என்றார்.
நிலை தாழ்வு, சார், என்றேன்.
வெள்ளைக்காரன் காலத்து வாசல்,
ஐந்தடிகூட இருக்காது.
அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

படங்களைத் திருப்பிக் கொடுக்க
பழைய பெக்டரிக்குப் போனேன்,
இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்,
சேலையால் தடுத்த அறைகளில்.
சாயத்தண்ணியும் சீனித்துண்டும் வந்தது.
திலகமணி படத்தை மடியில் வைத்து,
என் பையில் துருத்திய நீலப் பேனாவை எடுத்து,
குனிந்த தன் தலைக்கு மேலே
ஒரு கோடு போட்டாள். இரண்டு பக்கமும் இரண்டு கோடு.
பிறகு வெறும் மண்ணில்
சின்னதாய், நீளமாய், ஒரு கட்டம்.
அதன்மேல் கொஞ்சநேரம் விரல் இருந்தது.
"இப்ப சரி" என்றாள்.

பேனாவை ரவிச்சந்திரன் வாங்கிக்கொண்டான்.
அவனுக்குப் பின்னால் புஷ்பலீலா.
கானை எங்கே போடுவதென்று
சவரிமுத்து இன்னும்
பக்கத்துப் படத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.