ஐந்தாவது கையெழுத்து

மதியத்தில் சும்மா இருப்பவள் நான் ஒருத்திதான் என்று
பள்ளி முடிவுசெய்தது.
சயான் ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க
பெட்பேன் ஏந்துகிறவளுக்கு
மதியம்தான் இரவு என்பது
சுற்றறிக்கையில் இல்லை.

மாணவர் துன்புறுத்தல் தடுப்புக் குழுவில்
பெற்றோர் ஒருவர் கட்டாயமாம்.
தலைமையாசிரியை, கணக்கு சார்,
மூன்று பள்ளிக்கும் சேர்த்து ஒரே கவுன்சிலர்,
வார்டிலிருந்து ஒரு சமூக சேவகர்,
அப்புறம் நான்.
ஐந்து பேர் இருந்தால்தான் அது கூட்டம்.
நாலு பேர் இருந்தால் வெறும் டீ.

மாடிப்படிக்குக் கீழே புகார்ப் பெட்டி.
முன்பு வெள்ள நிவாரண உண்டியல்.
மேலே ஒட்டிய காகிதத்துக்கு அடியில்
'தாராளமாக' என்கிற மராத்திச் சொல் இன்னும் தெரியும்.
சாவி பியூன் காம்ப்ளேயிடம்.
மூன்று காலாண்டு திறந்தோம்.
சாக்லேட் உறை. காய்ந்த சப்பாத்தித் துண்டு.
'கேன்டீன் வடாபாவில் பாவ்தான் இருக்கு, வடாவைக் காணோம்' என்று
பெயரில்லாத ஒரு நியாயமான புகார்.
துன்புறுத்தல் ஏதுமில்லை என்று எழுதி
ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுவார் கணக்கு சார்.
நான் தமிழில் கையெழுத்திடுவேன்: எஸ்தர் ராணி.
அந்தப் பக்கத்தில் எனக்கு ஊர்க்காரி
அவள் ஒருத்திதான்.

இன்றைக்கு, நாலாக மடித்த ஒரு தாள்.
எழுதினவன் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு
கவுன்சிலர் படித்தார்.
விதி எண் பதினொன்று, ரகசியம்.
பெயரில்லாத அந்தப் பிள்ளைக்கு
திக்குவாய் மட்டும் இருந்தது.

எண்ணைக் கூப்பிட்டதும் 'ஹஜர்' சொல்ல வேண்டும்.
அவன் ஹ-வில் நின்றுவிடுவான்.
பின்பெஞ்சு அவனுக்காக முடித்துவைக்கும்
ஹ ஹ ஹ ஹ என்று.
சிரிப்புக்கும் அதே எழுத்துதான்.
இப்போது கழிப்பறை வாசலில், பஸ் ஸ்டாப்பில்
நிறுத்தி நிறுத்தி வருகை எடுக்கிறார்களாம்.
'ஒன்பது நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.
வயிற்றுவலி என்று வீட்டில் சொன்னேன்.
வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.'

அப்புறம், செய்தவன் பெயர்.
கவுன்சிலர் வாயில் அது நுழையவில்லை.
கிங், என்றார். கிங்ஸ், என்றார்.
கிங்ஸ்... லின்.
எட்டாம் வகுப்பு, பி பிரிவு.
நானே தேடி வைத்த பெயர்
என் முன்னாலேயே மூன்று இடத்தில் திக்கியது.

போன மாதம், புதன்கிழமையாக இருக்கும்,
டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில்
சாப்பிட வாடா என்று கூப்பிட்டேன்.
வாசலில் நின்று கண்ணை இறுக மூடி
கழுத்து நரம்பு புடைக்க
ஹ ஹ ஹ ஹஜர் என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இதைச் சொல்லாமல் விட முடியாது.
நன்றாகச் சிரித்தேன்.
இன்னொரு தடவை செய்டா
என்றும் சொன்னேன்.

கொள்கை மூன்று மொழியில் இருக்கிறது.
கைவைத்தால் என்ன, கைபேசியில் செய்தால் என்ன,
வேடிக்கை பார்த்தவனுக்கு என்ன,
எல்லாவற்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள்.
இன்னொரு தடவை கேட்டவளுக்கு எண் இல்லை.

நான் வெளியே இருக்கிறேன் என்று எழுந்தேன்.
நீங்க போனால் நாலு பேர், என்றார் கணக்கு சார்,
கூட்டம் செல்லாது, அடுத்த காலாண்டுதான்.
அதற்குள் அந்த ஒன்பது நாள்
எத்தனை நாளாகும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.
உட்கார்ந்தேன்.

சின்னப் பசங்க விளையாட்டு என்றும் எழுதலாம், எஸ்தர்
என்றார் தலைமையாசிரியை, ஜன்னலைப் பார்த்தபடி.
நல்ல மனசுதான்.
டீயில் ஆடை கட்டியிருந்தது.
பெயரோடு எழுதுங்க, என்றேன்.

பதிவேடு சுற்றி வந்தது.
கடைசியில் நான்.
எ
என்று எழுதி நின்றுவிட்டது கை.
எஸ்
யாரும் சிரிக்கவில்லை.
நான் முடிக்கும்வரை
காத்திருந்தார்கள்.