கூட்டல் குறி

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
எண்ணெய் டேங்கர்கள் ஒவ்வொன்றாய் நகர்கின்றன,
எண்ணத் தொடங்கி முப்பத்தெட்டில் விட்டுவிட்டேன்.
ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி கைபேசியில்
நேற்றைய பாடத்தைத் திரும்பக் கேட்கிறேன்.
உயிர்வாழ்வு வளைகோடு:
ஒவ்வொரு சாவுக்கும் ஒரு படி இறங்கும்.
பாதியில் காணாமல் போனவருக்குப் படி கிடையாது,
கோட்டின் மேல் சின்னதாய் ஒரு கூட்டல் குறி.

என் படத்தில் பதினொரு கூட்டல் குறிகள்.
அதில் ஒன்று தேசிங்கு.
மூன்றாம் மாதம் மாத்திரை வாங்க வரவில்லை.
காசிமேட்டில் அவர் வீட்டுக் கதவில் பூட்டு.
எங்கே என்றதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்
தெற்கே கையைக் காட்டினாள்,
கொஞ்சம் யோசித்து, வடக்கே.

போனவர்களும் இருப்பவர்களைப் போலத்தான்
என்று வைத்துக்கொள்வோம், என்கிறது பாடம்.
வைத்துக்கொள்வோம்.
இருமலோடு விசைப்படகு ஏறியவரும்
டோக்கனோடு பெஞ்சில் காத்திருந்தவரும்
ஒன்றுதான் என்று.
பி-வேல்யூ 0.03 வந்தது.
மனோன்மணி மேடம் டீ வாங்கிக் கொடுத்தார்,
பஜ்ஜியும்.

கேட் உயர்கிறது. எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில்.
எதிரே, ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிளில்
அந்தத் தோள், அந்த மெலிவு.
"தேசிங்கண்ணே!"

திரும்பியவர் வேறு யாரோ.
கூப்பிட்டதற்காகச் சிரித்தார்.
சிரிப்பு பாதியில் இருமலானது.

"எத்தனை நாளா இந்த இருமல்?"
"அது கெடக்குது, ஒரு மாசமா."

பின்னால் லாரிக்காரர் திட்டுகிறார்.
ஓரமாய் வண்டியை நிறுத்தி
பைக்குள் சளி டப்பா இருக்கிறதா என்று
துழாவுகிறேன்.